கியர்பாக்ஸுக்குள் ஒரு திமிங்கிலம்

1971-ஆம் ஆண்டு, சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவை ஒட்டிய ரிச்மண்ட் நகரில் அமெரிக்காவின் கடைசித் திமிங்கில நிலையம் மூடப்பட்டது. திமிங்கில எண்ணெயில் விளக்கெரித்த காலம் மலையேறி அப்போதே நூறாண்டு ஆகியிருந்தது. ஆனாலும் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய்க்கு அதுவரை ஆள் இருந்தது. வாங்கியவர்களில் முக்கியமானவர்கள் உயவு எண்ணெய் தயாரிப்பாளர்கள். அமெரிக்கச் சாலைகளில் ஓடிய கோடிக்கணக்கான ஆட்டோமேட்டிக் கார்களின் கியர்பாக்ஸுக்குள் அந்தக் கடல் விலங்கின் எண்ணெய் சுற்றிக்கொண்டிருந்தது. அது நின்றபோது, கியர்பாக்ஸ் எண்ணெயை எப்போது மாற்றுவது, எதை ஊற்றுவது, யாரிடம் கொடுத்து மாற்றுவது என்ற மூன்று கேள்விகளும் புதிதாகப் பிறந்தன.

இன்று சென்னையிலோ கோவையிலோ ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர் அறுபதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டியதும் இதே கேள்விகளில் வந்து நிற்கிறார். கம்பெனி சர்வீஸில் ஒரு பதில், தெருமுனை மெக்கானிக்கிடம் வேறொரு பதில், காரோடு வந்த புத்தகத்தில் மூன்றாவது பதில். இந்தக் குழப்பத்துக்கு எண்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் முடிவெடுப்பது சுலபம்.

கதை 1939-இல் தொடங்குகிறது. ஜெனரல் மோட்டார்ஸின் ஓல்ட்ஸ்மொபீல் பிரிவு, 1940 மாடல் கார்களுக்கு ‘ஹைட்ரா-மேட்டிக்’ என்ற புதிய கியர்பாக்ஸை அந்த ஆண்டில் அறிவித்தது. கூடுதல் விலை 57 டாலர். கிளட்ச் பெடலே கிடையாது. நான்கு கியர்களும் தாமாக மாறிக்கொள்ளும். பெரிய அளவில் தயாரித்து விற்கப்பட்ட முதல் முழு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அதுதான். அதை உருவாக்கிய குழுவின் தலைவர் எர்ல் தாம்சன். கியர் மாற்றும்போது பற்கள் உரசிக் கத்தாமல் இருக்க வழிசெய்த சிங்க்ரோமெஷ் முறையும் அவருடையதே. 1920-களின் இறுதியில் காடிலாக் கார்களில் அது வந்தது. காடிலாக்கும் 1941 மாடலிலிருந்து ஹைட்ரா-மேட்டிக்கை ஏற்றது. பிறகு போர் வந்தது. அமெரிக்க ராணுவத்தின் இலகு ரக டாங்குகளில் இதே கியர்பாக்ஸ் போர்க்களம் பார்த்துத் திரும்பியது.

தாம்சனின் இயந்திரத்துக்குச் சாதாரண கியர் ஆயில் போதவில்லை. மேனுவல் கியர்பாக்ஸில் எண்ணெய்க்கு உள்ள வேலை பெரும்பாலும் ஒன்றுதான்: பற்கள் தேயாமல் காப்பது. ஆட்டோமேட்டிக்கில் அதே எண்ணெய் இன்ஜினின் சுழற்சியைச் சக்கரங்களின் பக்கம் கடத்த வேண்டும். அழுத்தத்தோடு வால்வுகளுக்குள் ஓடி எந்த கியர் எப்போது விழ வேண்டும் என்ற கட்டளையைச் சுமக்க வேண்டும். உள்ளே எழும் சூட்டை ரேடியேட்டர் பக்கம் கொண்டுபோக வேண்டும். பற்களையும் பேரிங்குகளையும் வழுவழுப்பாக வைத்திருக்க வேண்டும். அதே நேரத்தில் கிளட்ச் தகடுகள் ஒன்றையொன்று கவ்வும்போது வழுக்காமல் பிடிக்கவும் விட வேண்டும். கடைசி இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை. ஓரிடத்தில் வழுக்க வேண்டும், இன்னோரிடத்தில் பிடிக்க வேண்டும். இந்த முரண்பாட்டைத் தீர்க்கச் சேர்க்கப்படும் பொருளுக்கு உராய்வு மாற்றி என்று பெயர். நல்ல எண்ணெய்க்கும் கெட்ட எண்ணெய்க்கும் உள்ள வேறுபாட்டில் பாதி அதில்தான் இருக்கிறது. எண்ணெய் பழசாகும்போது முதலில் தளர்வதும் அதுவே.

போருக்குப் பிறகு ஹைட்ரா-மேட்டிக் விற்பனை வேகமெடுத்தது. போர்டின் லிங்கன் கார்கூட 1949-இல் போட்டி நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸிடமிருந்து இந்த கியர்பாக்ஸை வாங்கிப் பொருத்தியது. அதே ஆண்டில்தான் ஜெனரல் மோட்டார்ஸின் ‘டைப் ஏ’ என்ற எண்ணெய்த் தரம் வந்தது. எந்த எண்ணெய் நிறுவனமும் தயாரிக்கலாம்; ஆனால் சிகாகோவிலிருந்த ஆர்மர் ஆராய்ச்சி அமைப்பின் சோதனையில் தேற வேண்டும். தேறிய எண்ணெயின் டப்பாவில் ‘ஏக்யூ-ஏடிஎஃப்’ என்று தொடங்கும் ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். இந்த ஏற்பாட்டால் கார்க்காரருக்குக் கிடைத்த வசதி பெரிது. எந்த ஊரில் எந்த பெட்ரோல் பங்கில் நிறுத்தினாலும் டப்பாவில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். எங்கே மாற்றுவது என்ற கேள்விக்கு அன்று ஒரே எளிய பதில் இருந்தது: அந்த எண் எங்கே கிடைக்கிறதோ அங்கே. எப்போது என்பதற்கும் அப்படியே. ஹைட்ரா-மேட்டிக் கார்களின் கையேடுகள் 25,000 மைல், அதாவது சுமார் 40,000 கிலோமீட்டர் என்று சொல்லின.

அந்நாளின் மெக்கானிக் இந்த வேலையைச் செய்த விதம் கவனிக்கத்தக்கது. காரை ஓட்டிச் சூடாக்கிய பிறகு கீழ்த்தொட்டியின் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றுவார். அதோடு விடமாட்டார். ஃப்ளைவீல் மூடியைத் திறந்து, சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பி, உள்ளே இன்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கடத்தும் இணைப்பியின் போல்ட் கீழ்நோக்கி வரும்வரை காத்திருந்து அதையும் கழற்றுவார். அங்கே தங்கியிருந்த எண்ணெயும் வடிந்த பிறகு பத்து லிட்டருக்கு மேல் புதிய எண்ணெய் ஊற்றப்படும். பழையது ஏறக்குறைய முழுக்கவே வெளியேறிவிடும். பின்னாளில் செலவைக் குறைக்க இணைப்பியின் ட்ரெயின் போல்ட்டைப் பெரும்பாலான நிறுவனங்கள் நீக்கிவிட்டன. அதனால் இன்று கீழ்த்தொட்டியை மட்டும் காலி செய்தால் மூன்றில் ஒரு பங்கோ பாதியோதான் வெளியே வருகிறது. மிச்சம் உள்ளேயே தங்கிப் புதியதோடு கலக்கிறது.

இனி திமிங்கிலத்துக்கு வருவோம். தமிழகக் கடற்கரையில் அடிக்கடி பிடிபடும் கடத்தல் பொருளான அம்பர்கிரிஸ் எந்த விலங்கின் வயிற்றில் உருவாகிறதோ, அதே ஸ்பெர்ம் திமிங்கிலம்தான் இது. அதன் தலையில் நிறைந்திருக்கும் எண்ணெய் மற்ற விலங்குக் கொழுப்புகளைப் போன்றதல்ல. வேதியியல்படி அது திரவ மெழுகு. கடும் அழுத்தத்திலும் அதன் படலம் எளிதில் அறுந்துபோவதில்லை. கந்தகத்தோடு சேர்த்துப் பதப்படுத்தி கியர்பாக்ஸ் எண்ணெயில் கலந்தபோது உராய்வு மாற்றியாக அது அருமையாக வேலை செய்தது. டைப் ஏ வகை எண்ணெய்களிலும், ஜெனரல் மோட்டார்ஸ் 1967-இல் கொண்டுவந்த முதல் ‘டெக்ஸ்ரான்’ எண்ணெயிலும் அது இடம்பெற்றது. 1960-களில் உலகக் கடல்களில் ஆண்டுக்கு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்பெர்ம் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. இயந்திரங்களின் தேவையும் அந்த வேட்டைக்கு ஒரு காரணம்.

1970-இல் அமெரிக்க அரசு ஸ்பெர்ம் திமிங்கிலத்தை அழியும் நிலையில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது. இறக்குமதி நின்றது. 1973-இல் வந்த அழியும் உயிரினங்கள் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கதவை இறுகப் பூட்டியது. உயிரினங்களின் கண்ணோட்டத்தில் அது காலம் தாழ்ந்து வந்த நியாயம். கியர்பாக்ஸ் பொறியாளர்களுக்கோ அது பெரிய சோதனை. மாற்றுப் பொருள்களோடு டெக்ஸ்ரான்-II அவசரமாக வந்தது. ரேடியேட்டருக்குள் இருந்த எண்ணெய்க் குளிர்விப்பானின் பற்றவைப்புகளை அதன் முதல் வடிவம் அரித்தது. அரித்த இடத்தில் ரேடியேட்டர் தண்ணீர் எண்ணெயோடு கலந்தது. கிளட்ச் தகடுகளில் ஒட்டியிருக்கும் உராய்வுப் படலத்துக்குத் தண்ணீரைப் போல எதிரி வேறில்லை. ஊறிப் பிய்ந்து வந்துவிடும். அரிப்புத் தடுப்பான் சேர்த்த திருத்தப்பட்ட வடிவம் 1970-களின் நடுவில் வந்த பிறகே நிலைமை சீரானது.

அந்தத் தேடலில் ஒரு பாலைவனச் செடிக்கு வாழ்வு வந்தது. வட அமெரிக்கப் பாலைநிலங்களில் வளரும் ஹொஹோபாவின் விதையிலும் ஸ்பெர்ம் திமிங்கில எண்ணெயைப் போன்ற திரவ மெழுகு இருப்பதை வேதியியலாளர்கள் அறிந்திருந்தார்கள். தடைக்குப் பிறகு அதன் பயிர்ச்செய்கை பல நாடுகளுக்குப் பரவியது. இந்தியாவில் ராஜஸ்தானின் வறண்ட நிலங்களில் அது பயிராகிறது. முகத்துக்குப் பூசும் எண்ணெயாக நம் கடைகளில் விற்கும் ஹொஹோபாவுக்கு இப்படியும் ஒரு பின்கதை உண்டு.

எண்ணெய் மாற்றும் காலக்கணக்கில் பெரிய திருப்பம் வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. போர்டு நிறுவனம் 1967-இல் ‘டைப் எஃப்’ தரத்தை வகுத்தபோது, காரின் ஆயுள் முழுக்க மாற்றவே தேவையில்லாத எண்ணெய் என்பதையே இலக்காக வைத்தது. அதற்கும் ஜெனரல் மோட்டார்ஸ் எண்ணெய்க்கும் உராய்வு குணம் நேரெதிர். ஒன்றுக்கு மாற்றாக இன்னொன்றை ஊற்றினால் கியர் விழும்போது அதிரும், அல்லது வழுக்கும். ஏக்யூ எண்ணைப் பார்த்து எந்த பங்கிலும் வாங்கிய காலம் இங்கே முடிந்தது. கிரைஸ்லர் 1989 மாடல்களில் கொண்டுவந்த ‘அல்ட்ராடிரைவ்’ கியர்பாக்ஸில் இதன் விளைவு பெரிதாக வெடித்தது. கணினிக் கட்டுப்பாட்டில் நுட்பமாகக் கவ்வும் அதன் கிளட்சுகளுக்குக் கிரைஸ்லரின் தனி எண்ணெய் வேண்டும். ஆனால் டெக்ஸ்ரானும் ஊற்றலாம் என்று நிறுவனத்தின் குறிப்புகளே சொல்லின. ஊற்றிய கார்கள் நடுங்கின. பலவற்றில் கியர்பாக்ஸே போனது. எண்ணெயை மாற்றாமல் விடுவதைவிடத் தவறான எண்ணெயை ஊற்றுவது ஆபத்து என்ற பாடத்தை அமெரிக்கப் பட்டறைகள் அங்கே கற்றன.

1990-களில் டிப்ஸ்டிக்குக்கே வேலை போனது. அதுவரை கார்க்காரர் தாமே எண்ணெயைப் பார்க்க முடிந்தது. வண்டியைச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் ஓடும்போதே குச்சியை உருவித் துடைத்து மறுபடி செருகி எடுப்பார். நுனியில் நிற்கும் ஒரு துளியை வெள்ளைத் தாளில் விட்டால் நல்ல எண்ணெய் இளஞ்சிவப்பாகப் பரவும். கெட்டது கருத்த பொட்டாக நடுவிலேயே தங்கும். கருகிய வாசனை வந்தால் கிளட்ச் தகடு எரிகிறது என்று பொருள். சிவப்புச் சாயம் சேர்த்ததே இன்ஜின் ஆயிலிலிருந்து பிரித்தறியவும், தரையில் ஒழுகினால் எங்கிருந்து என்று கண்டுபிடிக்கவும்தான். புதிய ஜெர்மன் கார்களில் அந்தக் குச்சி மறைந்தது. கியர்பாக்ஸ் ‘சீல்’ செய்யப்பட்டது, எண்ணெய் ‘ஆயுள் முழுக்க’ என்ற அறிவிப்பு வந்தது. செயற்கை எண்ணெய்கள் தரத்தில் உண்மையாகவே உயர்ந்திருந்தன. கழிவு எண்ணெயைக் குறைக்க வேண்டிய கட்டாயமும் இருந்தது. பராமரிப்புச் செலவு குறைந்த கார் என்று காட்டுவது விற்பனைக்கும் உதவியது.

கார் நிறுவனம் சொன்னதையும் கியர்பாக்ஸ் செய்தவர் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். ஜெர்மனியின் பிரீட்ரிக்ஸ்ஹாஃபன் நகரில் 1915-இல் செப்பலின் வான்கப்பல்களுக்குப் பல்சக்கரம் செய்யத் தொடங்கிய இசட்எஃப் நிறுவனம், பிஎம்டபிள்யூ முதல் ஜாகுவார் வரை பலருக்கும் கியர்பாக்ஸ் செய்து கொடுக்கிறது. அதை வாங்கிப் பொருத்திய சில கார் நிறுவனங்கள் எண்ணெய் ஆயுள் முழுக்க வரும் என்றன. இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளுக்குள் மாற்றுங்கள் என்கிறது. கியர்பாக்ஸைச் செய்தவர் சொல்வதே ஏற்கத்தக்கது.

அமெரிக்கக் கையேடுகளிலும் இதற்கொரு சாட்சி உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களின் பராமரிப்பு அட்டவணையில் பல ஆண்டுகள் ஒரு நிபந்தனை இருந்தது. மலைப்பாதை, இழுவண்டி, டாக்சி, அல்லது வெளி வெப்பம் அடிக்கடி 32 டிகிரியை எட்டும் இடத்தில் நகர நெரிசல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று பொருந்தினால் எண்ணெயை 50,000 மைலில், அதாவது சுமார் 80,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். எதுவும் பொருந்தாவிட்டால் மாற்ற வேண்டியதில்லை. மார்ச் முதல் செப்டம்பர் வரை சென்னையின் பகல் வெப்பம் 32 டிகிரிக்குக் கீழே நிற்பது அரிது. கிண்டியிலும் கோயம்பேட்டிலும் ஊர்ந்து நகரும் ஒவ்வொரு காரும் அந்த அட்டவணைப்படி ‘கடும் உபயோகம்’தான். எண்ணெயின் வெப்பம் ஏறத்தாழ பத்து டிகிரி கூடும்போதெல்லாம் அது கெடும் வேகம் இரட்டிப்பாகும் என்பது உயவியலின் பழைய விதி. ஐரோப்பிய நெடுஞ்சாலையை மனதில் வைத்து எழுதிய ‘ஆயுள் முழுக்க’ என்ற சொல் தமிழ்நாட்டுச் சாலைக்குப் பொருந்தாது.

எங்கே என்ற கேள்விக்கும் இதே போல நெடிய வரலாறு உண்டு. ஆட்டோமேட்டிக் பெருகப் பெருக, கியர்பாக்ஸ் வேலைக்கென்றே தனிப் பட்டறைகள் அமெரிக்காவில் தோன்றின. பிலடெல்பியாவில் ஆண்டனி மார்டினோ தொடங்கிய ஆம்கோ அவற்றில் பெயர்பெற்றது. 1960-களிலிருந்து நாடெங்கும் கிளைவிட்டது. பத்து நிமிடத்தில் ஆயில் மாற்றித் தரும் கடைகள் அடுத்து வந்தன. பழைய எண்ணெயை முழுக்க வெளியேற்றும் இயந்திரங்களும் பட்டறைகளுக்குள் நுழைந்தன. வாடிக்கையாளருக்குத் தெரியாத வேலை என்பதால் ஏமாற்றுக்கும் இடமிருந்தது. சட்டம் தலையிட வேண்டியிருந்தது. கலிபோர்னியா 1971-இல் வாகனப் பழுதுபார்ப்புச் சட்டம் இயற்றி, வேலைக்கு முன் எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும் என்றது. 1972-இல் மெக்கானிக்குகளுக்குத் தேர்வு வைத்துச் சான்று தரும் ஏஎஸ்இ அமைப்பு பிறந்தது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு அதில் ஏ2 என்ற தனித் தேர்வே உண்டு. கம்பெனி சர்வீஸில் மட்டுமே விட வேண்டும் என்று வாரண்டிக்கு நிபந்தனை போடக் கூடாது என்று 1975-இன் மாக்னசன்-மாஸ் சட்டம் நாடு முழுமைக்கும் விதித்தது.

இந்தியாவில் அந்தக் கேள்வி 2014-இல் சூடு பிடித்தது. உதிரி பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் அங்கீகரிக்கப்பட்ட டீலர்களிடமே முடக்கி வைத்ததாக இந்தியப் போட்டி ஆணையம் அந்த ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளி மெக்கானிக்கிடம் விட்டார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ரத்து செய்யும் பொத்தாம்பொது நிபந்தனையும் கூடாது என்றது. அபராதத் தொகை மேல்முறையீட்டுக்குப் போனது. ஆனால் வெளிப் பட்டறையைத் தேர்வதும் கார்க்காரரின் உரிமை என்ற கொள்கை அந்த ஆணையில் பதிவாகிவிட்டது.

நம் பட்டறைகளுக்கு ஆட்டோமேட்டிக் அனுபவம் தாமதமாகவே வந்தது. அம்பாசடரும் பத்மினியும் மாருதி 800-ம் மேனுவல் கியரில் ஓடிய தலைமுறையில், இந்தச் சிவப்பு எண்ணெயைப் பவர் ஸ்டீயரிங் எண்ணெயாகவே பலர் அறிந்தார்கள். 2014-இல் மாருதி செலேரியோ குறைந்த விலையில் ஏஎம்டி கொண்டுவந்த பிறகுதான் கிளட்ச் இல்லாத கார் நடுத்தரக் குடும்பங்களின் வாசலுக்கு வந்தது. ஏஎம்டி என்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் ஒரு கருவி இயக்குகிறது. அதற்கு வேண்டியது மேனுவல் கியர் ஆயில். கியர்ப் படிகளே இல்லாத சிவிடி-க்கு வேறு எண்ணெய். ஃபோக்ஸ்வாகனின் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸான ஆறு கியர் டிஎஸ்ஜி-க்கு 60,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் ஓடும் இந்த வகைகளில் ஒன்றின் எண்ணெய் இன்னொன்றுக்கு விஷம்.

எண்ணெய் அளவு பார்க்கும் விதமும் பட்டறையின் தரத்தைக் காட்டும். டிப்ஸ்டிக் இல்லாத கியர்பாக்ஸில் காரை நான்கு தூண் லிஃப்டில் சாய்வில்லாமல் ஏற்ற வேண்டும். ஸ்கேனரை இணைத்து எண்ணெயின் வெப்பத்தைத் திரையில் பார்க்க வேண்டும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, கியரை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்த பிறகு, தயாரிப்பாளர் குறித்த வெப்பத்தில், பல கியர்பாக்ஸ்களுக்குச் சுமார் 40 டிகிரியில், அளவுத் துளையின் போல்ட்டைத் திறக்க வேண்டும். எண்ணெய் மெல்லிய இழையாக வழிந்து, சொட்டாகக் குறையும் நேரத்தில் மூட வேண்டும். அதற்கு மேல் சூடானால் எண்ணெய் விரிந்து கூடுதலாக வெளியேறிவிடும். பிறகு அளவு குறைந்து பம்ப் காற்றை உறிஞ்சும். ஸ்கேனர் இல்லாமல் கண்ணளவில் ஊற்றும் இடத்தில் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது.

எண்ணெய் மாற்றிய மறுவாரமே கியர்பாக்ஸ் போய்விட்டது, தொடாமல் விட்டிருக்கலாம் என்ற பேச்சு ஊரெங்கும் உண்டு. ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் வரை தொடாமல் விட்டு, கியர் வழுக்கத் தொடங்கிய பிறகு மாற்றக் கொண்டுவருகிறவர்களே அதிகம். தேய்ந்த தகடுகளைப் புது எண்ணெய் வளர்த்துவிடாது. அழுத்தத்தோடு கழுவும் இயந்திரம் பல ஆண்டுக் கசடைக் கிளப்பி வால்வுகளை அடைக்கவும் கூடும். அப்படிப்பட்ட காருக்குத் தொட்டியை மட்டும் வடித்து, சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி வடிப்பதே பாதுகாப்பான முறை. உரிய காலத்தில் மாற்றிய கியர்பாக்ஸுக்கு இந்தப் பயம் வேண்டாம்.

ஆகவே காரின் கையேட்டில் ‘கடும் உபயோகம்’ என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள். அது நகரத்தில் ஓட்டும் உங்களுக்காகவே எழுதப்பட்டது. அங்கே கிலோமீட்டர் குறித்திருந்தால் அதைப் பின்பற்றுங்கள். ‘ஆயுள் முழுக்க’ என்று மட்டும் இருந்தால் 60,000-த்துக்கும் 80,000-த்துக்கும் இடையில் மாற்றிவிடுங்கள். வாரண்டி இருக்கும்வரை கம்பெனி சர்வீஸ் நல்லது. அது முடிந்த பிறகு, ஊற்றப் போகும் எண்ணெயின் தர எண்ணைச் சொல்லவும், ஸ்கேனரில் வெப்பம் பார்த்து அளவு வைக்கவும், ஃபில்டரையும் கேஸ்கெட்டையும் சேர்த்து மாற்றவும் தெரிந்த எந்தப் பட்டறையும் போதும். வண்டியை எடுக்கும்போது அந்தத் தர எண், ஊற்றிய லிட்டர், ஓடிய கிலோமீட்டர் மூன்றையும் பில்லில் எழுதி வாங்க மறக்காதீர்கள்.